கல்லில் எழும் புகை

நுழையும்முன்

மலைக்கு அழகு அருவி. அருவிக்கு உயிர் ஆறு. ஆற்றுக்கு அரண் காடு. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடங்கள் உலகில் சிலவே. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டின் எல்லையில், காவிரி தமிழ் மண்ணில் கால்வைக்கும் இடத்தில் உள்ளது. அந்த அருவிக்கும், அருவியே இல்லாத சென்னை மாநகருக்கும் உள்ள உறவை விளக்குகிறது இப்பாடம்.

அருவி இல்லாத நகரம்

சென்னையின் தென்பகுதியில் வாழ்வோர் நீரைப் பல வடிவங்களில் அறிவர். மயிலாப்பூரில் தெப்பம் மிதக்கும் கோயில் குளம் உண்டு. அடையாற்றில் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் உண்டு. கடைத்தெருக்களால் நிறைந்த தியாகராய நகரோ, முற்காலத்தில் நீண்டு பரந்து கிடந்த ஓர் ஏரியின் படுகையில், 1920களில் உருவாக்கப்பட்ட பகுதியாகும். குளமும் கழிமுகமும் கடலும் கண்ட இந்நகரம் கண்டிராதது அருவி ஒன்றே. சமவெளியில் மெல்லச் சரியும் நிலத்தில் ஆறு நடக்குமே அன்றிக் குதிக்காது.

இந்நகருக்குக் காடும் உண்டு. கிண்டியில் ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள தேசியப் பூங்காவில் வெளிமான்களும் புள்ளிமான்களும் மேய்கின்றன. நகரத்துப் பேருந்துகளின் ஒலிக்கு நடுவே மான் கூட்டத்தைக் காண்பது வியப்புக்குரியதே. எனினும் காட்டின் நடுவே ஓர் ஆறு பாறையைப் பிளந்து வீழும் காட்சியைக் காண விரும்புவோர், மேற்கு நோக்கி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பயணம் செய்தல் வேண்டும். வேலூர், கிருட்டிணகிரி, தருமபுரி ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் அந்நெடும்பயணம் ஒகேனக்கலில் நிறைவுறும்.

காட்டு வழி

தருமபுரி, சங்க காலத்தில் தகடூர் எனப் பெயர் பெற்றிருந்த ஊர்; வள்ளல் அதியமான் ஆண்ட நிலம். அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலை, முதலில் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி நிலங்களின் ஊடே செல்கிறது. பென்னாகரத்தைக் கடந்ததும் நிலம் சரியத் தொடங்குகிறது. வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையின் இருபுறமும் வறண்ட இலையுதிர் காடு சூழ்ந்து நிற்கிறது. யானைகள் சாலையைக் கடக்கும் இடங்களில் வனத்துறையின் எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன.

இக்காடுகளின் சிறப்பை உணர்ந்த தமிழ்நாடு அரசு, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த 504 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக 2014ஆம் ஆண்டு அறிவித்தது. அதனைத் தொடர்ந்து, 2022ஆம் ஆண்டு 686 சதுர கிலோமீட்டர் பரப்புடைய காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. கர்நாடக மாநிலத்தில் ஆற்றின் இருமருங்கும் விரிந்துள்ள காவிரிச் சரணாலயத்தோடு இவை இணைந்து, மாநில எல்லைகளை அறியாத ஒரே பெருங்காடாக விளங்குகின்றன. யானைக்கூட்டம் நீரும் தீனியும் தேடி ஓராண்டில் நடக்கும் தொலைவு மிகுதி. அவ்வழி இடையில் அறுபடாதிருக்க வேண்டுமாயின், காடுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தல் இன்றியமையாதது.

புகையும் கல்

அருவியைக் காண்பதற்கு முன்னரே அதன் ஓசை பயணியை எதிர்கொள்ளும். பின்னர் மரங்களுக்கு மேலே வெண்ணிற மூட்டம் எழுவது தெரியும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு யாரோ பாறையின்மீது தீ மூட்டியிருப்பது போலத் தோன்றும். கன்னட மொழியில் ‘ஹொகெ’ என்பது புகையையும் ‘கல்லு’ என்பது பாறையையும் குறிக்கும். புகை எழும் பாறை என்பதே ஊரின் பெயராயிற்று.

அப்புகையின் காரணம் நெருப்பு அன்று, நீரே. ஏறத்தாழ 20 மீட்டர் வரை உயரமுள்ள பாறை விளிம்புகளிலிருந்து வீழும் நீர், காற்றோடு மோதித் தாரை தாரையாகச் சிதறுகிறது. தாரைகள் துளிகளாகவும், துளிகள் கீழுள்ள பாறையில் அறைந்து நுண்துளிகளாகவும் உடைகின்றன. மிக நுண்ணிய துளிகள் விரைந்து கீழே விழுவதில்லை. வீழும் நீர் தள்ளும் காற்றில் ஏறி மிதக்கின்றன. அவையே புகைபோலத் தோன்றுகின்றன. கதிரவனை முதுகுப்புறம் கொண்டு நிற்பவர்க்கு அத்துளிகளில் வானவில்லும் தெரியும்.

அருவியைத் தாங்கும் பாறையின் வரலாறு அருவியினும் பழமையானது. இங்குள்ள கார்பனடைட் என்னும் பாறை வகை, பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பிலிருந்து தோன்றியது. இதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் எனப் புவியியலாளர் கணித்துள்ளனர். உலகில் உள்ள இவ்வகைப் பாறைகளுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. கடினமான பாறைகளின் வெடிப்புகளையே ஆறு வழியாகக் கொண்டது. அதனால் இங்குக் காவிரி ஒரே அருவியாக வீழாமல், பல கிளைகளாகப் பிரிந்து, வெவ்வேறு இடங்களில் குதித்து, பின்னர் உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு இடையே ஒடுங்கிய வழியில் மீண்டும் ஒன்றாகிறது. சின்னாறும் இவ்வூரில்தான் காவிரியோடு கலக்கிறது.

தெரியுமா?
‘நீர்வீழ்ச்சி’ என்பது பிறமொழிச் சொல்லைத் தழுவி உருவாக்கப்பட்ட தொடர். இதற்குத் தமிழில் தொன்றுதொட்டு வழங்கிவரும் சொல் ‘அருவி’. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம், மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வகை ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் உருவகித்ததால் அப்பெயர் பெற்றது. அவ்வோசைகளுள் அருவியின் ஓசையும் ஒன்று.

நைலும் காவிரியும்

காடும் ஆறும் அருவியும் ஒருங்கே அமைந்த மற்றோர் இடம் ஆப்பிரிக்காவில் உள்ளது. உகாண்டா நாட்டின் மர்ச்சிசன் அருவி தேசியப் பூங்கா, 1952ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. அங்கு நைல் ஆறு, ஆல்பர்ட் ஏரியைச் சென்றடைவதற்கு முன்னர், ஏறத்தாழ 7 மீட்டர் அகலமே உள்ள பாறை இடுக்கில் தன்னை நுழைத்துக்கொண்டு 43 மீட்டர் ஆழத்தில் பாய்கிறது. பேராறு ஒன்று ஒரு வகுப்பறையின் அகலத்திற்குள் அடங்கும்போது எழும் விசையில் பாறையே அதிர்வதைக் கரையில் நிற்போர் உணர்வர். 1864ஆம் ஆண்டு அதனைக் கண்ட ஆங்கிலேயப் பயணி சாமுவேல் பேக்கர், இலண்டன் அரசப் புவியியல் கழகத்தின் தலைவராக இருந்த மர்ச்சிசனின் பெயரை அதற்குச் சூட்டினார்.

அருவிக்குக் கீழே ஆறு அகன்று அமைதியுறும் இடத்தில் நீர்யானைகளும் நைல் முதலைகளும் வாழ்கின்றன. கரையில் யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் திரிகின்றன. 1970களிலும் 1980களிலும் அந்நாட்டில் நிகழ்ந்த போர்களின்போது அப்பூங்காவின் யானைகள் பெருமளவில் வேட்டையாடப்பட்டன. அருவி இடையறாது வீழ்ந்துகொண்டிருந்தது, காடோ வெறுமையாயிற்று. அமைதி திரும்பிய பின்னர், பல்லாண்டுக் காவலின் பயனாகவே விலங்குகள் மெல்லப் பெருகின.

நைல் ஒரே இடுக்கில் பாய்கிறது. காவிரி பல கிளைகளாக வீழ்கிறது. ஆயினும் இரண்டும் உணர்த்தும் உண்மை ஒன்றே. அருவியைக் காண மக்கள் வருவர். ஆனால் அருவியைச் சூழ்ந்த உயிர்களைக் காக்காவிடில், எஞ்சுவது வெறும் ஓசையே.

வட்டத் தோணி

ஒகேனக்கலின் அடையாளங்களுள் ஒன்று பரிசல். மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல வட்டமாக முடைந்து, அடிப்புறத்தில் நீர் புகாத உறையைப் போர்த்தி இதனைச் செய்கின்றனர். முன்னாளில் உறையாகப் பயன்பட்டது விலங்குத் தோல். இந்நாளில் நெகிழித்தாளும் தாரும் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. ஏறத்தாழ 7 அடி விட்டமுள்ள பரிசலை ஒருவரே தலைமேல் கவிழ்த்துத் தூக்கிச் செல்வர்.

பரிசலுக்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. அதன் தட்டையான அடிப்பகுதி நீரில் ஆழமாக அமிழாது. ஆதலின் பாறைகள் மறைந்திருக்கும் ஆழமற்ற நீரிலும் அது வழுக்கிச் செல்லும். கூர்முனைத் தோணி பாறையில் மோதினால் உடையும். பரிசலோ சுழன்று விலகும். ஒற்றைத் துடுப்பால் அதனைச் செலுத்தும் பரிசலோட்டிகள், எப்பாறைக்கு அருகில் நீர் சுழலும், எவ்விடத்தில் ஆழம் மிகும் என்பவற்றைத் தலைமுறை அறிவாகப் பெற்றவர்கள்.

வெள்ளம் பெருகும் நாள்களில் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிருவாகம் தடை விதிக்கும். அத்தடையைப் பயணிகள் ஏமாற்றமாகக் கருதுவர். பரிசலோட்டிகளுக்கும், எண்ணெய் தேய்ப்போர்க்கும், ஆற்று மீனைப் பொரித்து விற்கும் பெண்களுக்கும் அது வருவாயற்ற நாள். எனினும் அத்தடை உயிர்காக்கும் வேலி என்பதை ஆற்றை அறிந்த அவர்களே நன்கு உணர்வர்.

ஆற்றை நம்பி வாழும் உயிர்கள்

அருவி கண்ணுக்கு விருந்து மட்டும் அன்று. வீழும் நீர் காற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஆற்றில் உயிர்வளி மிகுகிறது. விரைந்து ஓடும், உயிர்வளி நிறைந்த நீரையே விரும்பும் மீன்களுள் ஒன்று மகசீர் என்னும் பெருங்கெண்டை. அவ்வினத்துள் கூன்முதுகு மகசீர் என்பது காவிரி ஆற்றுத் தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. இன்று அது முற்றிலும் அழியும் நிலையில் உள்ளது.

மீனை நம்பி நீர்நாய்களும் மீன்கழுகுகளும் வாழ்கின்றன. ஆற்றின் மணல்திட்டுகளில் முதலைகள் வெயில் காய்கின்றன. மென்மையான ஓடுடைய ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. கரையோரம் உயர்ந்து நிற்கும் நீர்மருத மரங்களில் சாம்பல்நிற மலை அணில் கூடு கட்டுகிறது. கிளை விட்டுக் கிளை தாவியே வாழும் அவ்வணிலுக்கு மரங்களின் தொடர்ச்சியே பாதை. மணலை அள்ளினால் ஆமைக்கு ஈற்றிடம் இல்லை. கரைமரத்தை வெட்டினால் அணிலுக்கு வழி இல்லை. வேர்கள் மண்ணைப் பற்றிக் கரையைக் காக்கின்றன. கரை ஆற்றைக் காக்கிறது.

ஒகேனக்கலில் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் உள்ளது. முதலையைக் காக்கும் முயற்சியில் சென்னைக்கும் பங்குண்டு. தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்திய முதலைகள் அருகிவந்த காலத்தில், அவற்றைப் பேணி வளர்க்கும் நோக்குடன் 1976ஆம் ஆண்டு சென்னை முதலைப் பண்ணை தொடங்கப்பட்டது. அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், வடநெம்மேலியில் அதனைக் காணலாம்.

ஒரு நொடியின் கணக்கு

ஆற்றின் ஓட்டத்தை நொடிக்கு இத்தனை கன அடி என அளவிடுவர். ஒகேனக்கலுக்குச் சற்று மேலே உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் இவ்வளவீட்டைச் செய்துவருகிறது. தமிழ்நாட்டிற்குரிய காவிரி நீர் அங்குத்தான் கணக்கிடப்படுகிறது. உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பின்படி, ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் அவ்விடத்தை வந்தடைதல் வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் நீர்வரத்து நொடிக்கு ஓர் இலட்சம் கன அடியைக் கடப்பதுண்டு. ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28.3 லிட்டர். ஆதலின் அத்தகைய நாளில் ஒரே நொடியில் அப்பாறைகளைக் கடக்கும் நீர் ஏறத்தாழ 28 இலட்சம் லிட்டர்.

இவ்வெண்ணின் பொருளைச் சென்னை 2019ஆம் ஆண்டுக் கோடையில் உணர்ந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. மயிலாப்பூரின் சந்துகளிலும் தியாகராய நகரின் குடியிருப்புகளிலும் மக்கள் வண்ண வண்ணக் குடங்களுடன் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றனர். சூலை மாதம் 12ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் நீரை ஏற்றிய தொடர்வண்டி வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. அது சுமந்து வந்தது 25 இலட்சம் லிட்டர். அந்நீர், மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களின் வழியாகச் சோலையார்பேட்டைக்கு வந்த காவிரி நீர். அஃதாவது, ஒகேனக்கல் பாறைகளில் வெள்ள நாளில் ஒரு நொடியில் வீழும் அளவைக்காட்டிலும் குறைந்த நீருக்காக ஒரு மாநகரம் தண்டவாளத்தை நோக்கிக் காத்திருந்தது.

தொடர்வண்டி அவ்வாண்டோடு நின்றது. காவிரி நின்றுவிடவில்லை. ஒகேனக்கலைக் கடந்த ஆறு மேட்டூரில் 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணையில் தேங்குகிறது. அங்கிருந்து சமவெளியில் இறங்கி, கொள்ளிடத்தின் கீழணையை அடைந்து, வடவாற்றின் வழியாகச் சோழர் காலத்து ஏரியான வீராணத்தை நிரப்புகிறது. 2004ஆம் ஆண்டு முதல் வீராணத்தின் நீர் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய் வழியே சென்னையை வந்தடைகிறது. பல ஏரிகளின் நீரோடும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் நீரோடும் கலந்து அது இல்லங்களைச் சேர்கிறது. அருவியைக் கண்டிராத நகரத்தாரும் அருவி நீரைப் பருகியவர்களே.

அருகில் வாழ்வோர் நிலையோ நெடுங்காலம் வேறாக இருந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு என்னும் வேதிப்பொருள் மிகுதி. அதனைப் பருகிய சிறுவர்களின் பற்களில் கறை படிந்தது; முதியோரின் எலும்புகள் நலிந்தன. அருவியின் முழக்கம் கேட்கும் தொலைவில் நல்ல குடிநீர் இல்லாதிருந்தது. சப்பான் நாட்டின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட பின்னரே, காவிரி அவ்வூர்களின் குழாய்களை எட்டியது. ஆறு அருகில் ஓடுவது மட்டும் போதாது. அது அனைவரையும் அடைய அறிவும் உழைப்பும் நீதியும் தேவை.

பார்வையாளரின் கடமை

ஆடிப்பெருக்கு நாளில் ஒகேனக்கலில் மக்கள் திரண்டு புதுப்புனலை வணங்குகின்றனர். வணங்கிய கைகளே சீயக்காய்ப் பொட்டலங்களின் உறைகளையும் நெகிழிப் புட்டிகளையும் பாறைகளுக்கு இடையே விட்டுச் செல்வதும் உண்டு. அருவியில் எறிந்த பொருள் மறைந்துவிட்டதாக எறிந்தவர் கருதலாம். அது மறைவதில்லை, முதலையின் மணல்திட்டிலும், மேட்டூரின் நீர்ப்பரப்பிலும், உழவரின் வாய்க்காலிலும் ஒதுங்குகிறது. ஆற்றின் மேல்முனையில் செய்யும் பிழைக்குக் கீழ்முனையில் வாழ்வோர் விலை தருகின்றனர். குழாயின் கடைசி முனையில் வாழும் சென்னை மக்களும் அவர்களுள் அடங்குவர்.

ஒகேனக்கலிலிருந்து திரும்பும் பயணி கொண்டுவரக்கூடியவை ஒளிப்படங்கள் மட்டும் அல்ல. இல்லத்தின் குழாயைத் திறக்கும்போது அக்காட்டையும் பாறையையும் எண்ணும் நினைவும் அவற்றுள் ஒன்று. அந்நினைவு உள்ளவர் குழாயை வீணே திறந்து விடமாட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இல்லத்திற்கு வரும் குடிநீர் எந்த ஏரி அல்லது ஆற்றிலிருந்து, எவ்வழியாக வருகிறது என்பதைக் கேட்டறிந்து, அதன் பயணத்தை வரைபடமாக வரைக.
2. நொடிக்கு 1,000 கன அடி நீர் ஓடும் கோடை நாளில், 25 இலட்சம் லிட்டர் நீர் அருவியைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? கணக்கிட்டு, வெள்ள நாளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

இலக்கணக் குறிப்பு

நெடும்பயணம் – பண்புத்தொகை
அருவியும் காடும் – எண்ணும்மை
வளைந்து வளைந்து – அடுக்குத்தொடர்
புகாத உறை – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

காக்கின்றன = கா + க் + கின்று + அன் + அ
கா – பகுதி. க் – சந்தி. கின்று – நிகழ்கால இடைநிலை. அன் – சாரியை. அ – பலவின்பால் வினைமுற்று விகுதி.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. தமிழ்நாட்டிற்குரிய காவிரி நீர் அளவிடப்படும் இடம்
அ) மேட்டூர் ஆ) பிலிகுண்டுலு இ) வீராணம் ஈ) கீழணை
2. பொருத்தமற்ற இணையைத் தேர்க.
அ) மர்ச்சிசன் அருவி – நைல் ஆ) ஒகேனக்கல் – காவிரி இ) தகடூர் – வேலூர் ஈ) மலைபடுகடாம் – பத்துப்பாட்டு

குறுவினா
1. ஒகேனக்கல் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. பரிசல் பாறைகள் நிறைந்த ஆற்றிற்கு ஏற்றதாக இருப்பது ஏன்?

சிறுவினா
1. ‘கரை ஆற்றைக் காக்கிறது’ – இத்தொடரைப் பாடக் கருத்துகளைக் கொண்டு விளக்குக.
2. மர்ச்சிசன் அருவியையும் ஒகேனக்கல் அருவியையும் ஒப்பிடுக.

நெடுவினா
அருவியே இல்லாத சென்னை மாநகருக்கும் ஒகேனக்கலுக்கும் உள்ள தொடர்பைப் பாடத்தின்வழி நிறுவுக.